எந்த நாளிலும் இல்லாத கடல்

உலகத்துக் கடலையெல்லாம் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்த மாமேதையும், என் அக்காளைக் கட்டிக்கொண்ட ஒரே காரணத்தால் என்னிடமிருந்து ‘நீங்கள்’ வாங்கிக்கொண்டிருப்பவருமான இரட்டைப்பூட்டு மச்சான் அவர்களுக்கு, உங்களுடைய ஒரே மைத்துனன் எழுதுவது. இங்கே நான் நலமாக இல்லை. அங்கே நீங்கள் நலமாக இருப்பதாக அக்கா தொலைபேசியில் சொன்னாள். அதைக் கெடுக்கத்தான் இந்தக் கடிதம்.

மின்னஞ்சல் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அனுப்பினேன். என் பெயரைப் பார்த்ததுமே குப்பைக்குத் தள்ளிவிடும்படி அலுவலகக் கணினிக்கு நீங்கள் கட்டளை போட்டிருப்பதாக உங்கள் காரியதரிசி மிகுந்த மரியாதையோடு தெரிவித்தார். தாளில் எழுதினால் கிழிப்பதற்காகவாவது கையில் எடுப்பீர்கள் அல்லவா.

விஷயம் இதுதான். எங்கள் துறைமுகத்தில் கப்பல்கள் வந்து நிற்கப் புதிதாக மேடை கட்டுகிறார்கள். அதற்குக் கடலுக்குள் இரும்புத் தூண்களை அடித்து இறக்க வேண்டும். அடிக்கிற சுத்தியல் ஏறக்குறைய என் வீடு அளவு இருக்கும். என் வீட்டைவிட உறுதியானது. அந்த அடியின் சத்தம் தண்ணீருக்குள் எவ்வளவு தூரம் போகும், எந்த எல்லைக்குள் முக்குளிப்பவர் யாரும் இறங்கக் கூடாது என்று கணக்குப் போட்டு வட்டம் வரைந்து கொடுத்தது உங்கள் நிறுவனம். வட்டத்தின் ஆரம் எண்ணூறு மீட்டர். மூலையில் உங்கள் கையெழுத்து, பல்லியின் வால் துடிப்பதைப் போல. அந்தப் படம் இப்போது என் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. காலையில் அதன் முகத்தில் விழித்துத்தான் தேநீர் போடுகிறேன். பால் திரிந்து போகிறது.

ஒட்டியவள் உங்கள் மகள். இரண்டு வருடமாக என் வீட்டு மாடியறையில் குடியிருக்கிற தவளை. உங்கள் நிறுவனத்து நாற்காலியில் உட்கார்ந்து கடலைக் கணக்குப் போடுவதைவிடக் கடலில் இறங்கி நனைவது மேல் என்று சாப்பாட்டு மேசையில் சொன்னாளே, போனால் போனதுதான், திரும்பி இந்தப் படி ஏறாதே என்று நீங்களும் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னீர்களே, அவள்தான். தினமும் அந்தத் தண்ணீருக்குள்தான் இறங்குகிறாள். உள்ளே என்ன வேலை என்று நான் சொல்லப்போவதில்லை. தெரிய வேண்டுமானால் அவளிடம் கேளுங்கள். தொலைபேசியில் எண்களை அழுத்தத் தெரியாதென்றால் அக்கா அழுத்தித் தருவாள்.

இப்போது பாடம். உங்களுக்குப் பாடம் நடத்தும் பாக்கியத்துக்காக நான் முப்பது வருடம் காத்திருந்தேன், குறுக்கே பேசாதீர்கள். ஒலி நம் குடும்பத்து ஆண்களைப் போலப் பெரிய சோம்பேறி. எந்தப் பக்கம் மெதுவாகப் போகலாமோ அந்தப் பக்கமே சாயும். குளிர்ந்த தண்ணீரில் அதற்கு வேகம் குறைவு. கோடையில் மேலே சூடு, கீழே குளிர்ச்சி. ஆகவே சத்தம் கீழ்நோக்கி வளைந்து, அடியில் இருக்கும் சேற்றில் முட்டி முட்டிக் கொஞ்ச தூரத்திலேயே உயிரை விடும். குளிர்காலத்தில் மேலும் கீழும் ஒரே குளிர்ச்சி. வளைய ஒரு காரணமும் இல்லை. சத்தம் நிமிர்ந்து நடந்து, போகிற வழியில் யார் காதையாவது காவு கேட்காமல் ஓயாது. அந்தக் காலத்தில் ஆய்வுக்கூடத்தில் நாம் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து இதற்குக் கணினி நிரல் எழுதினோம். நான் எழுத நீங்கள் பிழை பார்த்தீர்கள் என்பது என் கட்சி. தலைகீழாகச் சொல்வது உங்கள் கட்சி. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் படத்தின் அடிக்குறிப்பை எறும்பு படிக்கிற எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ‘நீரின் வெப்பநிலை: ஆண்டுச் சராசரி.’ மச்சான், தூண் அடிப்பது குளிர்காலத்தில். குளிர்காலத்தில் மட்டும். நீங்களோ பன்னிரண்டு மாதத் தண்ணீரையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கலக்கி, அந்த வெதுவெதுப்பில் சத்தத்தை ஓடவிட்டிருக்கிறீர்கள். அப்படியொரு கடல் எந்த நாளிலும் இருந்ததில்லை. உங்களையும் என்னையும் கூட்டி இரண்டால் வகுத்தால்கூட ஒரு நல்ல மனிதன் கிடைப்பான். அவனை எங்காவது யாராவது பார்த்ததுண்டா? அவன் வந்து என் வீட்டில் ஒழுகுகிற குழாயை அடைத்துத் தருவானா?

நானே குளிர்காலத் தண்ணீரை வைத்துக் கணக்கை ஓட்டினேன். என் கிழட்டுக் கணினி ஒரு பகல் முழுக்க முனகியது. ஏதோ விமானம் கூரையில் இறங்குகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் பெட்டி கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார். கடைசியில் வந்த விடை இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். உங்கள் எண்ணூறு மீட்டர் அதற்குள் பொத்தானைப் போலக் கிடக்கிறது.

போன வாரம் சோதனைக்காகச் சில அடிகள் அடித்தார்கள். அன்று மாலை தவளை சாப்பிட வந்தாள். நான் வைத்த சூப்பில் கடலையே கரைத்துக் குடிக்கலாம், அவ்வளவு உப்பு. கரண்டி கரண்டியாகக் குடித்துக்கொண்டிருந்தாள். சும்மா இருப்பேனா, பேச்சுவாக்கில், உன் அப்பா மாதிரி ஒரு தங்கமான மனுஷன் இந்த உலகத்துலயே கிடையாது என்றேன். ‘ஆமா மாமா’ என்றாள். பிறந்ததிலிருந்து அந்தப் பெண் எனக்கு ‘ஆமா’ போட்டதில்லை. எழுந்து மேசையைச் சுற்றிப் போய் அவளுடைய வலது பக்கம் நின்று அதே வாக்கியத்தைத் திரும்பச் சொன்னேன். கரண்டி பறந்து வந்தது. அப்போதுதான் புரிந்தது. இடது காது கேட்கவில்லை. ‘தண்ணி புகுந்திருக்கு, ரெண்டு நாள்ல சரியாயிடும், ஊரைக் கூட்டாதீங்க’ என்கிறாள். தண்ணீர் புகுந்த காது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது தலையைச் சாய்த்துக் குதிக்கும். இப்படி உட்கார்ந்து சிரித்துச் சமாளிக்காது.

வட்டம் தப்பு என்று அவளிடம் சொன்னேன். நம்பவில்லை. அதற்கு அவள் என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். அதற்காக நான் தபால்தலை ஒட்டவில்லை. துறைமுக அலுவலகத்துக்கும் போனேன். ‘கையெழுத்துப் போட்டவர் மாத்தினாத்தான் சார் மாத்த முடியும். இது உங்க குடும்பச் சண்டை, எங்களை ஏன் இழுக்கிறீங்க’ என்றார் அங்கிருந்த பொறியாளர். உங்கள் ஒவ்வோர் அறிக்கைக்கும் நான் எழுதி அனுப்பிய கண்டனங்களுக்கென்றே அங்கே ஓர் அலமாரி இருக்கிறதாம். பெருமையாகக் காட்டினார்.

துறைமுகத்துக்காரர்களுக்குச் சிரமம் வரக் கூடாது என்று வட்டத்தைச் சுருக்கினீர்களா, அல்லது வயதாகி மூளையில் பாசி பிடித்துவிட்டதா? எதுவானாலும் எனக்குக் கவலையில்லை. முழு வேலை அடுத்த மாதம் தொடங்குகிறது. அதற்குள் அந்த வட்டத்தைத் திரும்பப் பெறுங்கள். யாருக்குக் காது குத்துகிறீர்கள் என்று ஒரு தடவையாவது யோசித்துப் பாருங்கள்.

உங்கள் வீழ்ச்சியையும், அதற்கு முன்னால் உங்கள் பதிலையும் எதிர்பார்க்கும்
மைத்துனன்.

பின்குறிப்பு: காது விஷயம் அக்காவுக்குத் தெரிய வேண்டாம். அவள் அழுதால் மட்டும் நம் இருவருக்கும் தாங்காது.

* * *

மச்சான் அவர்களுக்கு,

பதில் கிடைத்தது. பேரரசர்கள் கல்லில் வெட்டச் சொல்லும் ஆணை மாதிரி மூன்றே வரி. ‘கணித மாதிரி முறைப்படி சரிபார்க்கப்பட்டது. அவளுடைய புல் பாத்தி வட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறது. இனி எழுத வேண்டாம்.’ வணக்கம்கூட இல்லை. உறைக்குள் வேறு ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று உதறிப் பார்த்தேன்.

உடனே உங்களைத் திட்டி நான்கு பக்கம் எழுதினேன். நல்ல நான்கு பக்கம், படித்தால் நீங்களே கைதட்டியிருப்பீர்கள். அதை உறையில் போடும்போதுதான் ஒரு வார்த்தை முள்ளாகக் குத்தியது. புல் பாத்தி. நான் எங்கே அதை எழுதினேன்? தண்ணீருக்குள் இறங்குகிறாள் என்று மட்டும்தானே எழுதினேன்?

கடலடியில் புல் அழிந்துபோன இடத்தில் அவள் கையால் நாற்று நட்டுக் கடற்புல் வளர்க்கிறாள். தன் பெயரிலேயே எடுத்த முதல் வேலை. குளிர்காலத்தில் நட்டால்தான் வேர் பிடிக்கும். அந்தப் பாத்தி எங்கே இருக்கிறது என்பது துறைமுகப் படத்தில் கிடையாது. அக்காவுக்கும் தெரியாது. நீ உன் அப்பாவிடம் சொன்னாயா என்று அவளைக் கேட்டேன். ‘யார்கிட்ட, அவர்கிட்டயா? கனவுலகூடச் சொல்லல’ என்றாள். அப்படியானால் அந்த இடம் ஒரே ஓரிடத்தில்தான் எழுதியிருக்கிறது. அனுமதி கேட்டுத் துறைமுக அலுவலகத்தில் அவள் கொடுத்த விண்ணப்பத்தில். நூறு பேர் கொடுத்த விண்ணப்பங்களுக்கு நடுவே அதைத் தேடி எடுத்துப் படித்திருக்கிறீர்கள்.

சுவரிலிருந்த படத்தில் பாத்தியைக் குறித்துப் பார்த்தேன். உங்கள் வட்டம் அதற்குக் கொஞ்சம் முன்னால், அழைக்காத வீட்டு வாசலில் நிற்கிற விருந்தாளியைப் போல, தயங்கி நின்றுவிடுகிறது. குளிர்காலத் தண்ணீரை வைத்திருந்தால் பாத்தியை விழுங்கிவிட்டு மேலே போயிருக்கும். கோடைத் தண்ணீரை வைத்தால் வட்டம் ரொம்பச் சிறிதாகிவிடும், குளிர்காலத்துக்குக் கோடையா என்று எந்தக் குழந்தையும் கேட்கும். அசடு வழியாமல் கையெழுத்துப் போடக் கூடியதும், பாத்தியைத் தொடாமல் நிற்பதும் ஒன்றே ஒன்றுதான். சராசரி.

உங்களுக்கு ஆய்வுக்கூடத்தில் இரட்டைப்பூட்டு என்று பெயர் வைத்தவனே நான்தான். வீட்டைப் பூட்டி, அதன்மேல் இன்னொரு பூட்டுப் போட்டு, தெருமுனைவரை போய்விட்டு, திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவர் நீங்கள். மேகமே இல்லாத நாளில் குடை. அந்தக் குடைக்குள் இன்னொரு மடக்குக் குடை இருந்ததாகக்கூட ஒரு வதந்தி உண்டு. எந்தக் கணக்கு வந்தாலும் மிக மோசமான நிலைமையை எடுத்துக்கொண்டு, அதற்கும் மேலே கொஞ்சம் கூட்டி, என் பொறுமையைச் சோதித்தவர். அப்பேர்ப்பட்ட ஆள் இந்த ஒரு வாசலை மட்டும் திறந்துபோட்டு விட்டுப் போனார் என்றதும், பேராசை என்று நினைத்தேன். கிழடுதட்டிவிட்டது என்று நினைத்தேன். நினைக்க எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா? அதையும் கெடுத்துவிட்டீர்கள்.

வட்டம் பெரிதானால் தூண் வேலை முடியும்வரை அங்கே யாரும் முக்குளிக்கக் கூடாது என்று நிறுத்திவிடுவார்கள். நடவுப் பருவம் போய்விடும், வேலை கைவிட்டுப் போய்விடும். அது உங்களுக்குத் தெரியும். மகளுக்கு ஒரு பருவத்தைக் கொடுக்க நினைத்தீர்கள். கொடுக்கிற கை தெரியாமல் கொடுக்க நினைத்தீர்கள். ஏன், ஒரு கம்பளிச்சட்டை வாங்கி அனுப்பினால் குறைந்தா போய்விடுவீர்கள்? இரண்டு வருடமாக ஒரு வார்த்தை பேச முடியாத மனிதருக்குக் கடலின் வெப்பநிலையை மாற்றுவது அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடித்ததும் என் கோபம் தணிந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். முன்னைவிடப் பத்து மடங்கு ஏறியிருக்கிறது. முட்டாளாக இருந்திருந்தால் மன்னித்து அந்த மன்னிப்பை ஊரெல்லாம் சொல்லிக்காட்டியிருப்பேன். சராசரிக்கும் நிஜத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை உலகத்தில் மிக நன்றாகத் தெரிந்த இரண்டு பேரில் நீங்கள் ஒருவர். தெரிந்தே, பரவாயில்லை, இவ்வளவு தூரத்தில் என்ன ஆகிவிடும் என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டீர்கள். நீங்கள் கொடுத்த பரிசு அவளுடைய இடது காதில் இன்னும் ரீங்காரமிட்டுக்கொண்டிருக்கிறது.

எனக்குத்தான் காது மந்தம், துணைக்கு வா என்று பொய் சொல்லி அவளை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அங்கே அவளையும் கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். இடது காதில் உயர்ந்த சுருதிகள் போய்விட்டன. கொஞ்சம் திரும்பலாம், எல்லாம் திரும்பாது, இன்னொரு தடவை பட்டால் இதுவும் இருக்காது என்றார். நான் தூண் அடிக்கிற சத்தத்தைச் சொன்னேன். உங்கள் மகள் என்ன செய்தாள் தெரியுமா? கைப்பையிலிருந்து உங்கள் வட்டத்தின் பிரதியை எடுத்து மருத்துவரின் மேசைமேல் விரித்தாள். ‘நான் வட்டத்துக்கு வெளியதான் இருந்தேன் டாக்டர், இது வேற ஏதோ.’ அந்த மனுஷன் கையெழுத்தைப் பார்த்தார், கீழே இருந்த பட்டங்களைப் பார்த்தார், அப்படியானால் சளியாக இருக்கலாம் என்று எழுதிக்கொடுத்தார். சளி, மச்சான்.

இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உடனே உங்கள் மேசைக்குப் போங்கள். நிறுவனத்தின் பெயர் கெடும். கெடட்டும். அவளுடைய வேலை போகும். போகட்டும். வரும் திங்கட்கிழமை முழு வேலை தொடங்குகிறது. அன்று அவள் அந்தத் தண்ணீரில் இறங்கினால், அப்புறம் நான் எழுத மாட்டேன். நேரில் வருவேன்.

கோபம் ஆறாத
மைத்துனன்.

* * *

மச்சான் அவர்களுக்கு,

புதிய வட்டம் வெள்ளிக்கிழமையே துறைமுகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். என் கணக்கைவிட ஒரு விரற்கடை அதிகம், அங்கேயும் இரண்டாவது பூட்டுப் போட்டுவிட்டீர்கள். கீழே எறும்புக்கு இல்லாமல் மனிதர் படிக்கிற எழுத்தில்: ‘குளிர்கால நீருக்கானது. முன்பு தரப்பட்டது தவறு. தவறு என்னுடையது.’ எந்தச் சின்னப் பையன் தலையிலும் கட்டாமல் உங்கள் பெயரையே போட்டிருக்கிறீர்கள். உங்கள் கையெழுத்துக்கு மேலே ‘தவறு’ என்ற சொல்லைப் பார்க்க நான் முப்பது வருடம் தவம் கிடந்தவன். கிடைத்தால் சட்டம் போட்டு மாட்டுவதாக இருந்தேன், ஊர்வலம் விடுவதாக இருந்தேன், யானைக்குக்கூட விசாரித்து வைத்திருந்தேன். கிடைத்த பிறகு அதை மடித்துப் பெட்டிக்கடியில் வைத்துவிட்டேன்.

தவளையின் வேலையை நிறுத்திவிட்டார்கள். பாதிப் பாத்தி நட்டது நட்டபடி நிற்கிறது. மீதி நாற்று தொட்டியில் பழுத்துக்கொண்டிருக்கிறது. இந்தக் குளிர்காலம் போனால் அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

சுவரிலிருந்த படத்தை அவளே கிழித்தாள். ‘பாத்தீங்களா மாமா? நான் சொந்தக் கால்ல நிக்கிறேன்னு தெரிஞ்சதும் வட்டத்தப் பெருசாக்கிட்டார். ரெண்டு வருஷம் காத்திருந்து அடிச்சிருக்கார்’ என்றாள். பழிவாங்குகிறீர்களாம். அதற்கப்புறம் என் மேசையில் உட்கார்ந்து உங்களைத் திட்டினாள் பாருங்கள், நான் சொல்லிக்கொடுத்த வசவு அத்தனையும், ஒன்று விடாமல், என்னைவிட நல்ல உச்சரிப்போடு. முதல் நாள் மெய்மறந்து கேட்டேன். இரண்டாம் நாள் அது உள்ளே இறங்கவில்லை. மூன்றாம் நாள், போதும், சாப்பிடு என்று அதட்டிவிட்டேன். நீங்க யார் பக்கம் என்று கேட்டாள். உங்களைப் பற்றி அப்படியொரு கேள்வி என்னிடம் கேட்கப்படும் என்று நான் நினைத்ததே இல்லை.

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். முதல் வட்டம்தான் உனக்காக வரைந்தது, இரண்டாவது உன் காதுக்காக வரைந்தது என்று சொல்லிவிடலாம். சொல்லவில்லை. இந்த வீட்டில் நான் எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்துத்தான் கேட்கிறார்கள். இது வகுத்துக் கேட்க வேண்டிய விஷயமில்லை.

அன்றைக்கு எழுதமாட்டேன் என்ற ஒன்றை இப்போது எழுதிவிடுகிறேன். வட்டம் தப்பு, இறங்காதே என்று நான் கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னபோது, அவள் முகமூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னது இதுதான். ‘மனுஷன் எப்படி வேணா இருக்கட்டும் மாமா. அவர் கணக்கு தப்பாகாது. நீங்க சும்மா இருங்க.’

வீட்டை விட்டு வரும்போது உங்களிடமிருந்து அவள் எடுத்துக்கொண்டு வந்தது அது ஒன்றுதான். காது போனதை அவள் எனக்குத் தெரியாமல் மறைத்தாள். இது போனதை மறைக்க முடியவில்லை. படத்தைக் கிழித்தவள் உங்கள் கையெழுத்து இருந்த மூலையை மட்டும் சுவரிலேயே விட்டுவைத்திருக்கிறாள். மறந்தா, வேண்டுமென்றா, தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

இனிமேல் ‘நீங்கள்’ கிடையாது. அக்கா சண்டைக்கு வந்தால் வரட்டும்.

டேய் இரட்டைப்பூட்டு, ஒரு கடிதம் எழுது. எனக்கில்லை, அவளுக்கு. அதில் கணக்கு வேண்டாம், அடிக்குறிப்பு வேண்டாம். எழுத வராது உனக்கு, தெரியும். அப்படியானால் கிளம்பி வா. வீட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்கத் திரும்பிப் போகாதே, அந்த நேரத்துக்குள் மனசு மாறிவிடுவாய். பூட்டை அக்கா பார்த்துக்கொள்வாள். கதவைத் திறக்கிறவள் அவளாக இருந்தால் வாசலில் நிற்கவைத்தே திட்டுவாள். நின்று வாங்கிக்கொள். முடித்த பிறகு பேசு.

பேசும்போது அவளுக்கு வலது பக்கமாக நின்று பேசு.

உன்
மைத்துனன்.